இரு காந்தாரங்களுக்கு நடுவே

1979ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வெளியான பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி வால்’ இசைத்தொகுப்பில் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ என்றொரு பாடல் உண்டு. ராக் இசையில் பெரிய ஈடுபாடு இல்லாதவர்களும் எங்கேனும் கேட்டிருக்கக்கூடியது. அதில் டேவிட் கில்மோர் இரண்டு இடங்களில் கிடாரில் தனி வாசிக்கிறார். முதலாவது, பாடலின் நடுவில் வருவது, சிறியது, டி மேஜரில் அமைந்தது. இரண்டாவது, சொற்களெல்லாம் முடிந்தபின் தொடங்கிப் பதிவு தேய்ந்து மறையும்வரை நீள்வது. பி மைனரில் அமைந்தது. முதலாவதில் ஆறுதலும் இரண்டாவதில் ஆற்றாமையும் ஒலிப்பதாகவே பெரும்பாலோர் சொல்வர். நமக்கும் அப்படித்தான் கேட்கிறது.

ஆனால் டி மேஜருக்கும் பி மைனருக்கும் சுரங்கள் ஏழும் ஒன்றே. எந்தச் சுரத்தை வீடாகக் கொள்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு. கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் நடபைரவி பிறக்கிறது. மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக்கினால் சுத்த தன்யாசி பிறக்கிறது. கிரகபேதம் என்று நாம் பெயரிட்டு வைத்திருப்பதை கிடார் கற்பிப்போர் இன்னும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஏ மைனருக்குரிய ஐந்து சுரங்களை வாசிக்க ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல்கள் எந்த வடிவில் அமர்கின்றனவோ, அதே வடிவை மூன்று ஃப்ரெட் கீழே இறக்கினால் ஏ மேஜருக்குரிய ஐந்து சுரங்கள் கிடைத்துவிடும். துயரத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடையே மூன்று ஃப்ரெட் தூரம்! இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு, முகம் தெரியாத குழு ஒன்று முன்னரே வாசித்துப் பதிந்து வைத்த பின்னணித் தடத்தை ஓடவிட்டு, அதன்மேல் தன் மனோதர்மப்படி வாசித்துப் பழகுவது இன்று கிடார் கற்போர் பலருடைய மாலைநேர வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பின்னணித் தடத்தோடு வாசிப்பது இசையே அல்ல, வெறும் தேகப்பயிற்சி என்று ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாரார் கடுமையாகச் சொல்வதுண்டு. அவர்கள் கூற்றில் பாதியளவு உண்மை இருப்பதாக நாம் கருதுகிறோம். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

கிடார் தனி வாசிப்புக்கு உரிய கருவியாக மதிக்கப்படாத காலம் ஒன்று இருந்தது. 1930களின் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் டிரம்பெட், சாக்ஸபோன், கிளாரினெட் முதலிய ஊதுகருவிகள் முன்னே நிற்கும். கிடார்க்காரர் டிரம்ஸ் வாசிப்பவருக்கு அருகே அமர்ந்து, ஓர் ஆவர்த்தத்துக்கு நான்கு தட்டு என்று கார்ட்களை மீட்டிக்கொண்டிருப்பார். (கார்ட் என்பது மூன்று நான்கு சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் கட்டு, மேற்கத்திய இசையின் அடித்தளமே அதுதான்.) ஒற்றைத் தந்தியின் ஒலி பத்துப் பன்னிரண்டு ஊதுகருவிகளைத் தாண்டி அவைக்கு எட்டாது என்பதே காரணம். லோனி ஜான்சனும் எடி லாங்கும் 1920களின் இறுதியில் இரட்டைக் கிடார் பதிவுகள் செய்தார்கள்; பாரிஸில் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1934 முதல் மேளமே இல்லாத குழு ஒன்றில் வாசித்து உலகை வியக்கவைத்தார். அவர்களெல்லாம் சிறு குழுக்களின் அமைதியில் வாசித்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1936இல் கிப்ஸன் நிறுவனம் இ.எஸ்.-150 என்ற மின்கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒலிபெருக்கியும் சேர்த்து ஏறத்தாழ 150 டாலர் விலை. பெயரிலேயே விலை இருந்தது. அந்தக் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை உலகுக்குக் காட்டியவர் சார்லி கிறிஸ்டியன். 1916இல் டெக்ஸஸ் மாநிலத்தின் பான்ஹம் என்ற சிற்றூரில் பிறந்து ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தவர். தந்தை பார்வையிழந்த இசைக்கலைஞர்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஒரு சுவையான உறவு. ‘இன்விசிபிள் மேன்’ நாவலை எழுதிய ரால்ஃப் எலிஸன் அதே ஊரில் அதே கறுப்பினத்தவர் குடியிருப்பில் வளர்ந்தவர். 1958இல் சார்லி கிறிஸ்டியனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பின்னர் ‘ஷேடோ அண்ட் ஆக்ட்’ தொகுப்பில் இடம்பெற்றது. பள்ளிக்கூடத்தில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கிடார் செய்து சக மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிய சிறுவனாக அதில் சார்லி வருகிறார். அதைவிட முக்கியமாக, ஜாஸ் கலைஞன் பிறரோடு மோதியும் பிறருக்குள் கரைந்துமே தன்னைக் கண்டடைகிறான் என்பதை எலிஸன் அக்கட்டுரையில் விரித்துரைக்கிறார். தனி வாசிப்பு என்பது தனியாக வாசிப்பது அல்ல என்று அதை நாம் சுருக்கிக்கொள்ளலாம். கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

1939 ஆகஸ்டில் ஜான் ஹாமண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சார்லியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரவழைத்து பென்னி குட்மனிடம் அறிமுகம் செய்துவைத்தார். குட்மன் அன்று அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற குழுத்தலைவர். மின்கிடாரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. குட்மன் உணவருந்தச் சென்ற இடைவேளையில் ஹாமண்ட் சார்லியின் ஒலிபெருக்கியை மேடையில் ஏற்றிவிட்டார். திரும்பிவந்து பார்த்த குட்மன், இந்தப் பையனுக்குத் தெரியாது என்று நினைத்து ‘ரோஸ் ரூம்’ என்ற பாடலைத் தொடங்கினாராம். சார்லியின் முறை வந்தது. முடிந்ததும் இன்னொரு சுற்று, பிறகு இன்னொன்று. அந்த ஒரு பாடல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது என்பது ஹாமண்ட் சொல்லிவந்த கதை. தயாரிப்பாளர்களின் நினைவுக்குச் சற்றே தள்ளுபடி கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் சார்லி அன்றே வேலையில் சேர்ந்தார் என்பதில் ஐயமில்லை.

அவர் வாசித்தது கிடாரைப் போல இல்லை. சாக்ஸபோனில் லெஸ்டர் யங் வாசித்த நீண்ட, மூச்சுவிட்டுத் தொடரும் வாக்கியங்கள் ஆறு தந்திகளுக்குக் குடிபெயர்ந்திருந்தன. 1941இல் நியூயார்க் ஹார்லெமில் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற விடுதியில் அவர் விடியும்வரை வாசித்ததை ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தம் கையடக்கப் பதிவுக்கருவியில் பிடித்து வைத்தார். அப்பதிவுகளைக் கேட்போர் சார்லியை மட்டும் கேட்டால் போதாது. பின்னால் கென்னி கிளார்க் டிரம்ஸில் இருக்கிறார். சார்லியின் வாக்கியம் எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு தட்டு விழுகிறது. அந்தத் தட்டைக் கேட்டுச் சார்லியின் அடுத்த வாக்கியம் திசை மாறுகிறது. உடன்வாசிப்பு காதுள்ளதாக இருந்தது. மறு ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஸ்டேட்டன் தீவின் காசநோய் மருத்துவமனையில் சார்லி காலமானார். வயது 25.

சார்லியின் இசைத்தட்டுகள் அவருக்குப் பிறகு ஆசிரியர்களாயின. இண்டியானாபோலிஸில் வெஸ் மான்ட்கோமரி என்ற தொழிலாளி, ஏறக்குறைய இருபது வயதில் ‘சோலோ ஃப்ளைட்’ இசைத்தட்டைக் கேட்டுக் கிடார் வாங்கினார். சார்லியின் தனி வாசிப்புகளைத் தட்டிலிருந்து சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்து, அவற்றை மட்டுமே வாசிப்பதற்காக ஒரு விடுதியில் வேலையும் பெற்றார். வீட்டில் இரவு வேலைகளில் பழகும்போது ஒலி அயலாரை எழுப்பிவிடக் கூடாதென்று, தந்திகளை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டினார். பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்த மென்மையான நாதம் பிறந்தது இப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் கிடார் வரலாற்றில் அயல்வீட்டார் ஆற்றிய பங்கை யாரேனும் தனியே எழுதலாம். நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு: உயிருள்ள குழுவின் நடுவே பிறந்த ஓர் இசையை ஒருவர் நள்ளிரவில் தனியே, ஓர் இயந்திரத்தின் துணையோடு கற்றார். அவரை யாரும் இசைஞர் அல்ல என்று சொன்னதில்லை.

இனிக் காந்தாரத்துக்கு வருவோம்.

மேஜரையும் மைனரையும் முதலில் பிரிப்பது மூன்றாம் சுரம். ஆதாரத்திலிருந்து நான்கு அரைச்சுரம் மேலே இருந்தால் நம் அந்தர காந்தாரம், மேஜர். மூன்று அரைச்சுரம் மேலே இருந்தால் சாதாரண காந்தாரம், மைனர். பியானோவில் இவை இரண்டு தனிக் கட்டைகள். நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பினத்தவரின் பாட்டில் காந்தாரம் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தது. இருந்தது என்பதைக் காட்டிலும் அசைந்துகொண்டிருந்தது என்பதே சரி. இதன் வேர்களைத் தேடி கெர்ஹார்ட் கூபிக் 1999இல் ‘ஆப்பிரிக்காவும் ப்ளூஸும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

‘ப்ளூஸின் தந்தை’ என்று தம்மை அழைத்துக்கொண்ட டபிள்யூ.சி. ஹாண்டி உண்மையில் அதன் எழுத்தர். 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் இரவு வண்டிக்குக் காத்திருந்தபோது, கந்தல் உடுத்த ஒரு மனிதர் கத்தியைத் தந்திகளின்மேல் அழுத்தி நகர்த்திக் கிடார் வாசித்துப் பாடியதைக் கேட்டதாக, 1941இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஹாண்டி எழுதுகிறார். கத்தி ஃப்ரெட்டுகளை மதிப்பதில்லை. அது இரு காந்தாரங்களுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கும். ஹாண்டி தம் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ (1912), ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ (1914) ஆகியவற்றை அச்சிட்டபோது, இந்த வழுக்கலைக் காட்டுவதற்காக மேஜர் பாடலுக்குள் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் அரைச்சுரம் தாழ்த்தி எழுதினார். வேறு என்ன செய்திருக்க முடியும்? தாளில் அதற்கு வேறு குறி இல்லை. ஆயினும் நடுவில் இருந்த ஒன்று அக்கணமே மைனர் காந்தாரமாகப் பதிவாகிவிட்டது.

பின்னாளில் கிடார் வாசிப்பவர்கள் மேஜர் கார்ட்களின்மேல் மைனர் சுரங்களை வாசிக்கிறார்களே, இது எப்படிப் பொருந்தும் என்று புதிதாய்க் கற்போர் திகைப்பதற்குக் காரணம் இந்தப் பதிவுதான். பன்னிரண்டு ஆவர்த்த ப்ளூஸ் என்ற வடிவத்தை ஏ சுருதியில் எடுத்துக்கொள்வோம். முதல் கார்ட் ஏ செவன்த். அதனுள் சி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம், ஒலிக்கிறது. அதன்மேல் கிடார் சி என்ற சாதாரண காந்தாரத்தை வாசிக்கிறது. இலக்கணப்படி இது மோதல். நல்ல கைகள் அந்தச் சி தந்தியை விரலால் மெல்ல இழுத்து, சி ஷார்ப்பை எட்டாமலே நிறுத்திவிடும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவது ஆவர்த்தத்தில் கார்ட் டி செவன்த் ஆக மாறும்போது வேடிக்கை நிகழ்கிறது: அந்தக் கார்ட்டுக்குள் சி என்பதே ஓர் அங்கம். சற்றுமுன் அந்நியமாக உரசிய சுரம் இப்போது வீட்டுக்கு வந்துவிடுகிறது. சுரம் அசையவில்லை, தரை நகர்ந்தது. முதல் கார்ட்டில் மேஜர் ஐந்து சுரங்களையும் நான்காவது கார்ட்டில் மைனர் ஐந்து சுரங்களையும் வாசி என்று ஆசிரியர்கள் தரும் விதி இதிலிருந்து வடித்தெடுத்ததுதான்.

இவ்விதியை விதியாக அன்றி மூச்சாகக் கொண்டிருந்தவர் பி.பி. கிங். 1925இல் மிசிசிப்பியில் பிறந்தவர், 2015இல் மறைந்தார். இளமையில் மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் இசைத்தட்டு ஒலிபரப்பும் வேலை. ஆகவே டி-போன் வாக்கரையும் சார்லி கிறிஸ்டியனையும் ஜாங்கோவையும் காதாரக் கேட்டவர். அவருடைய தாய்வழி உறவினர் புக்கா வைட், கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பதில் பெயர்பெற்றவர். கிங்குக்கு அந்த வித்தை கைவரவில்லை. அந்த ஒலியை விரலால் எட்டிப் பிடிக்க முயன்றதில்தான், இடக்கை மணிக்கட்டே வண்ணத்துப்பூச்சியைப் போல் படபடக்கும் தம் அசைவு உருவானது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். டட்வைலர் ரயில் நிலையத்துக் கத்தி, குழாயாகி, பின் ஒரு விரலின் நடுக்கமாக வந்து சேர்ந்தது.

1964 நவம்பர் 21இல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான அவருடைய நிகழ்ச்சி, மறு ஆண்டு ‘லைவ் அட் தி ரீகல்’ என்று வெளியானது. கார்ட் வாசிக்கத் தமக்கு வராது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர் கிங். பாடும்போது கிடார் வாய்மூடிவிடும்; பாட்டு நின்றதும் அது பதில் சொல்லும். அரங்கில் இருந்த பெண்கள் ஒவ்வொரு இழுப்புக்கும் கூவுகிறார்கள். அந்தக் கூவலுக்காக அடுத்த சுரம் காத்திருக்கிறது. எத்தனை சுரங்கள் வாசித்தார் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். காத்திருப்பை எண்ணினால் கணக்கு வேறு.

தந்தியைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்தில் கடைகளில் கிடைத்த கிடார்த் தந்திகள் தடித்தவை; மூன்றாவது தந்தி சுருள் சுற்றியது. அதை இழுத்துச் சுரத்தை ஏற்றுவது விரலுக்குத் தண்டனை. ஜேம்ஸ் பர்டன் போன்றோர் பேன்ஜோவின் மெல்லிய தந்தியைக் கிடாரில் கட்டிச் சமாளித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எர்னி பால் என்ற கடைக்காரர், முதல் தந்தி 0.010 அங்குலமே கனமுள்ள தொகுதியைத் தாமே தருவித்து விற்றார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எரிக் கிளாப்டன் தலைமுறை தந்திகளை ஒன்றரைச் சுரம்வரை இழுத்து வாசித்ததன் பின்னே இப்படிப்பட்ட சிறு வணிகச் செய்திகளும் இருக்கின்றன. கிளாப்டன் 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் க்ரீம் குழுவோடு வாசித்த ‘கிராஸ்ரோட்ஸ்’ பதிவில் ஏ மேஜரும் ஏ மைனரும் ஒரே மூச்சில் மாறி மாறி வருவதைக் கேட்கலாம்.

இதற்கிடையே ஜாஸ் உலகில் வேறொரு மாற்றம் நடந்தது. கார்ட்கள் வேகமாக மாறிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றையும் துரத்தி வாசிப்பதே 1940களின் வீரம். அதில் சலிப்புற்ற மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பைப் பதிவு செய்தார். அதன் முதல் பாடலான ‘ஸோ வாட்’டில் பதினாறு ஆவர்த்தங்கள் ஒரே சுர வரிசையில் நிற்கின்றன; எட்டு ஆவர்த்தங்களுக்கு அது அரைச்சுரம் மேலேறுகிறது; மீண்டும் எட்டு ஆவர்த்தங்கள் பழைய இடம். இனிக் கார்ட்டைத் துரத்த வேண்டியதில்லை. சுர வரிசைக்குள் உலவலாம். ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற கோட்பாட்டாளர் 1953லேயே இதற்கு இலக்கணம் வகுத்திருந்தார். விடுதலையாக வந்த இந்தச் சிந்தனை, பத்தே ஆண்டுகளில் பாடத்திட்டமாயிற்று. எந்தக் கார்ட்டுக்கு எந்தச் சுர வரிசை என்று அட்டவணை போடுவது எளிது. தேர்வு வைப்பதும் எளிது.

அட்டவணை கிடைத்துவிட்டது. பழகுவதற்குக் குழு வேண்டுமே?

ஒருவரே பல கருவிகளை வாசித்துத் தமக்குத் தாமே குழுவாகும் ஆசை பழையது. சிட்னி பெஷே 1941இல் கிளாரினெட், இருவகை சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகிய ஆறையும் தாமே அடுக்கடுக்காக வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். லெஸ் பால் 1948இல் எட்டுக் கிடார்களைத் தாமொருவரே வாசித்து ‘லவர்’ பதிவைச் செய்தார். முன்பு வாசித்த தம்மோடு இப்போது வாசிக்கும் தாம். இது வியப்பு, ஆனால் வித்தகர்களுக்கு மட்டுமே ஆனது.

சாதாரணருக்கான வழியை 1950இல் நியூயார்க்கில் இர்வ் கிராட்கா திறந்தார். அவருடைய நிறுவனத்தின் பெயர் ‘மியூசிக் மைனஸ் ஒன்’. செவ்வியல் சிறுகுழு இசையில் ஒரு கருவியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பதிந்து விற்றார்கள். விடுபட்ட கருவியை நீங்கள் வீட்டில் வாசித்துக்கொள்ளலாம். பிறகு ஜாஸுக்கும் வந்தார்கள். நம் ஊர் மெல்லிசை மேடைகளில் பாடகர்கள் ‘மைனஸ் ஒன் ட்ராக்’ என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தக் கழித்தல் கணக்கின் எதிரொலி அதில் இருக்கிறது. 1971இல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே உருவாக்கிய பாட்டுப்பெட்டியின் வழி உலகெங்கும் பரவிய ‘கரோக்கே’ என்ற சொல்லுக்குப் பொருளும் இதற்கு நெருங்கியதே: வெற்று வாத்தியக் குழு.

மனோதர்ம இசைக்கு இம்முறையைத் தகவமைத்தவர் ஜேமி ஏபர்சோல்ட். வெஸ் மான்ட்கோமரியின் அதே இண்டியானா மாநிலத்தில், நியூ ஆல்பனி என்ற ஊரைச் சேர்ந்த சாக்ஸபோன் ஆசிரியர். 1967இல் தம் முதல் இசைத்தட்டையும் அதனுடன் ஒரு சிறு கையேட்டையும் வெளியிட்டார். பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் இருக்கும். மேலே வாசிப்பவர் இடம் காலியாக இருக்கும். பாஸ் ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் பியானோ மறுபக்கத்திலும் வரும்படி பிரித்திருந்தார். பியானோ கற்பவர் பியானோ வரும் பக்கத்தை அணைத்துவிட்டுத் தாமே அவ்விடத்தில் அமரலாம். கையேட்டில் ஒவ்வொரு கார்ட்டுக்கும் உரிய சுர வரிசை அச்சிடப்பட்டிருக்கும். தொடர் நூற்று முப்பதைத் தாண்டி வளர்ந்தது. அதன் 24ஆம் தொகுதிக்கு ‘மேஜரும் மைனரும்’ என்பதே தலைப்பு. பின்னர் 1990இல் கனடாவின் பீட்டர் கேனன் ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டபோது, கார்ட்களைத் தட்டச்சு செய்தால் போதும், கணினியே குழுவாகிவிடும் என்றாயிற்று. இணையம் வந்தபின் நடந்ததை வாசகர் அறிவர்.

இதைக் குறை சொல்வோர் இரண்டு குற்றங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள். குழுவுக்குக் காது இல்லை என்பது ஒன்று. எல்லாரும் ஒரே வடிவில் சுரங்களை ஏற்றி இறக்குகிறார்கள் என்பது மற்றொன்று. இவை வேறு வேறு குற்றங்கள், வேறு வேறு குற்றவாளிகள். இரண்டாவதற்கு இசைத்தட்டு பொறுப்பல்ல, அட்டவணைதான் பொறுப்பு. இரு காந்தாரங்களை இரண்டு கட்டங்களில் அடைத்து, இதில் நில் அல்லது அதில் நில் என்று கற்பித்தது அது. நடுவில் நிற்க முடியும் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இசைத்தட்டு அதைக் கேட்கவும் வைக்கும். வெஸ் மான்ட்கோமரியின் இரவுகள் அதற்குச் சான்று. மேலும் சார்லி கிறிஸ்டியனுக்கு மின்டன்ஸ் இருந்தது. சிற்றூரில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் கிடாரை எடுப்பவருக்குக் கென்னி கிளார்க்கை யார் அனுப்பிவைப்பார்கள்? ஏபர்சோல்டை ஏளனம் செய்பவர்கள் பெரும்பாலும் பெருநகரவாசிகள் என்பது நம் எண்ணம்.

ஆனால் முதல் குற்றச்சாட்டை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ‘ப்ளூ ஸ்கை’ 1972இல் வெளிவந்தது. இரண்டே கார்ட்கள் மாறி மாறி வர, டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் ஒருவர்பின் ஒருவராக மேஜர் ஐந்து சுரங்களில், நம் மோகனத்தில், வாசிக்கிறார்கள். டுவேன் முடிக்கும் இடத்தில் பெட்ஸ் வந்து சேர்ந்துகொள்ள, இருவரும் சிறிது தூரம் இணைந்து நடந்து, பிறகு டுவேன் விலகிக்கொள்கிறார். டுவேன் 1971 அக்டோபர் 29இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவருடைய கடைசிப் பதிவுகளில் ஒன்று இது. 24 வயது. இந்த இரண்டு கார்ட்களின் பின்னணித் தடத்தை எங்கும் பெறலாம். அதன்மேல் மோகனத்தை எவ்வளவு அழகாக வாசித்தாலும், விலகிக்கொள்ளும் அந்த ஓர் இடத்தை அதில் பழக முடியாது. யாருக்கு வழிவிடுவது?

கில்மோரோ எதிர்த்திசையிலிருந்து வருகிறார். பீட் சீகரின் பாடநூலையும் இசைத்தட்டையும் வைத்துக்கொண்டு தாமாகக் கற்றவர். ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’பின் தனி வாசிப்புக்காக, பதிவாகி முடிந்த தடத்தின்மேல் ஐந்தாறு முறை மனம்போனபடி வாசித்ததாகவும், பிறகு ஒவ்வொன்றிலும் எந்த ஆவர்த்தம் நன்றாக இருக்கிறது என்று தாளில் குறித்து, அவற்றை மட்டும் கோத்து ஒன்றாக்கியதாகவும் நேர்காணலில் அவரே விளக்கியிருக்கிறார். ஆக உலகம் கண்ணீர் மல்கக் கேட்கும் அந்த பி மைனர் வாசிப்பு, வாசிக்கப்பட்ட நொடியில் இருந்ததே இல்லை. இது ஏமாற்றா? நாவலாசிரியர் ஐந்து முறை திருத்தி எழுதுவதை நாம் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஆனால் நாவலை நாம் மனோதர்மம் என்றும் சொல்வதில்லை.

இன்னொரு பதிவோடு நிறுத்திக்கொள்வோம். 1971இல் ஃபங்கடெலிக் என்ற குழு ‘மேகட் ப்ரெய்ன்’ தொகுப்பை வெளியிட்டது. டெட்ராய்ட்டில் பதிவானது. தலைப்புப் பாடல் பத்து நிமிடம். ஏறத்தாழ முழுவதும் எடி ஹேசலின் கிடார். அவருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. உன் தாய் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால் எப்படி வாசிப்பாயோ அப்படி வாசி என்று குழுத்தலைவர் ஜார்ஜ் கிளின்டன் சொன்னாராம். ஹேசல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். பின்னால் இ மைனரில் ஒரு கிடார் நான்கு கார்ட்களின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருக்கிறது. வேறு எதுவும் அநேகமாகக் காதில் விழுவதில்லை. மைனர் ஐந்து சுரங்களைக் கொண்டு மனிதர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைக் காட்டுவோம். ஆளற்ற வெளியில் ஒருவர் தன்னந்தனியே அழுவதாகத்தான் நாமும் பல்லாண்டுகள் இதைக் கேட்டுவந்தோம்.

ஆனால் அன்று அறையில் குழு முழுவதும் இருந்தது. டிரம்ஸ், பாஸ், மற்றக் கருவிகள் எல்லாம் வாசித்தன. வாசிப்பைக் கேட்ட கிளின்டன், ஒலிக்கலவையின்போது மற்றவர்களின் ஒலியைக் குறைத்துக் குறைத்து ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார். 2005இல் வந்த மறுவெளியீட்டில் அவர்களுடைய ஒலியும் சேர்ந்த மாற்றுக் கலவை ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டால் முதலில் கூட்டமும் இரைச்சலும் எரிச்சலூட்டுகின்றன. இரண்டாம் முறை கேட்கும்போது, ஹேசல் திடீரென்று ஒரு சுரத்தில் நின்றுவிடும் இடங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படத் தொடங்குகின்றன. அங்கெல்லாம் டிரம்ஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது; அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.